கடன் துண்டுகளின் செகண்டரி மார்க்கெட்: வாங்க நல்ல இடம், விற்க நம்பி இருக்காதீர்கள்

பி2பி தளங்களில், அதாவது நம்மைப் போன்றவர்கள் இணையம் வழியாக மற்றவர்களுக்குக் கடன் கொடுக்கும் தளங்களில், பணம் போடுகிறவர்களிடம் நடுவில் அவசரமாகப் பணம் தேவைப்பட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். செகண்டரி மார்க்கெட் இருக்கிறதே, விற்றுவிட்டு வெளியே வந்துவிடலாம் என்பார்கள். தளங்களும் அதைச் சொல்லித்தான் ஆள் சேர்க்கின்றன. பல தளங்களில் வாங்கியும் விற்றும் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது இதற்கு நேர் எதிர். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கடன்களைப் பொறுமையாகத் தேடி வாங்க இதைவிட நல்ல இடம் கிடையாது. அவசரத்துக்கு வெளியேறும் வழியாக மட்டும் இதை நம்பக் கூடாது. இது எந்த ஒரு தளத்துக்கும் எழுதும் விமர்சனம் இல்லை, பல தளங்கள் வெவ்வேறு பெயரில் தரும் அந்த வசதியைப் பற்றியது.

புதியவர்களுக்கு மட்டும் சுருக்கமாக. ஒருவர் தளத்தின் மூலம் கடன் வாங்குகிறார், அந்தக் கடனுக்குப் பல பேர் சிறு சிறு தொகையாகக் கொடுக்கிறார்கள். ஒவ்வொருவர் கொடுத்ததும் ஒரு கடன் துண்டு. மாதாமாதம் தவணை வரும்போது அசலும் வட்டியும் அவரவர் துண்டுக்குத் தக்கபடி பிரிந்து வந்து சேரும். கடன் முடியும்வரை காத்திருக்க விரும்பாதவர் மீதி அசலுக்கு ஒரு விலை போட்டுத் தளத்துக்குள்ளேயே வேறொரு முதலீட்டாளருக்கு விற்கலாம், இந்தக் கைமாற்றுச் சந்தைதான் செகண்டரி மார்க்கெட். கடன் வாங்கியவருக்கு இதனால் எந்த மாற்றமும் இல்லை, அவர் வழக்கம்போல் தவணை கட்டுவார், பணம் போய்ச் சேரும் கணக்கு மட்டும் மாறும். விலையை மீதி அசலுக்கு மேலே வைத்தால் பிரீமியம், கீழே வைத்தால் தள்ளுபடி.

இந்தத் தள்ளுபடிக் கணக்கில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். மீதி அசல் 100, ஆண்டு வட்டி 12 சதவீதம், இன்னும் 12 மாதத் தவணை பாக்கி இருக்கும் ஒரு துண்டை 98-க்கு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 12-ம் 2-ம் சேர்த்து 14 சதவீதம் என்று மனக்கணக்கு போடத் தோன்றும், ஆனால் உண்மையில் வருவது கிட்டத்தட்ட 15.9 சதவீதம். அசல் மாதாமாதம் திரும்பி வந்துகொண்டே இருப்பதால் நீங்கள் போட்ட பணம் சராசரியாக ஆறரை மாதம்தான் உள்ளே கிடக்கிறது, அந்த 2 சதவீத லாபமும் அந்த ஆறரை மாதத்திலேயே கிடைத்துவிடுகிறது. அதே கடன் அசலைக் கடைசியில் ஒரே தடவையாகத் திருப்பும் வகையாக இருந்தால் 14-க்குக் கொஞ்சம்தான் மேலே போகும். ஆக, தள்ளுபடி எவ்வளவு என்பதைவிட அசல் எப்படித் திரும்பி வருகிறது, எத்தனை மாதம் மிச்சம் என்பதுதான் முக்கியம். திரையில் முதலாண்டு வருமானம், முதிர்வு வருமானம் என்று ஏதோ ஒரு சதவீதத்தைத் தளமே காட்டும்தான், ஆனால் எல்லாத் தவணையும் தேதி தவறாமல் வரும் என்ற அனுமானத்தில் போட்ட கணக்கு அது.

பிரீமியம் கொடுத்து வாங்குவது இன்னும் மோசம். அதே துண்டை 102-க்கு வாங்கினால் 12 சதவீத வட்டி உங்கள் கைக்கு வரும்போது 8.3 சதவீதத்துக்குப் பக்கத்தில் நிற்கும். அதுவும் கடன் வாங்கியவர் முழுக் காலமும் தவணை கட்டினால்தான். அவர் அடுத்த மாதமே மொத்தக் கடனையும் அடைத்துவிட்டால் என்ன ஆகும்? அசல் 100, ஒரு மாத வட்டி 1, ஆக 101 வரும், நீங்கள் கொடுத்தது 102. ஒழுங்காகக் கடனைத் திருப்பிக் கட்டிய ஒரு நல்ல மனிதரால் உங்களுக்கு நஷ்டம். பைபேக் உத்தரவாதம், அதாவது தவணை தவறினால் கடனை முதலில் கொடுத்த நிறுவனமே திருப்பி வாங்கிக்கொள்ளும் என்ற வாக்குறுதி, உள்ள கடனிலும் இதே கதிதான், தவணை தவறியதால் கடன் கொடுத்த நிறுவனம் துண்டைத் திருப்பி வாங்கும்போது மீதி அசலையும் வட்டியையும் தருமே தவிர, நீங்கள் இன்னொரு முதலீட்டாளருக்குக் கொடுத்த பிரீமியத்துக்கு அது பொறுப்பு இல்லை. அதனால் குறுகிய காலக் கடன்களுக்குப் பிரீமியம் கொடுப்பதை நான் அடியோடு விட்டுவிட்டேன், நீண்ட காலக் கடனுக்கும் அரை சதவீதத்துக்கு மேல் தருவதில்லை.

சரி, அப்படியானால் எதற்காக இங்கே வாங்க வேண்டும்? புதிதாகக் கொடுக்கப்படும் கடனில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கிறது, அதுதான் அந்தக் கடன் வாங்கியவர் இதுவரை எப்படிக் கட்டியிருக்கிறார் என்ற வரலாறு. புதுக் கடனில் உங்களிடம் இருப்பது தளம் கொடுத்த ஒரு ரேட்டிங், வருமானம், வேலை மாதிரி நாலு விவரம், அவ்வளவுதான். மூன்று வருடக் கடனில் இருபது தவணை தேதி பிசகாமல் கட்டி முடித்த ஒருவரின் துண்டு தள்ளுபடியே இல்லாமல் அசல் விலைக்குக் கிடைத்தாலும் எனக்கு அது போதும். கடனை வாங்கிக்கொண்டு முதல் தவணையிலேயே காணாமல் போகிறவர்கள், இரண்டு மூன்று மாதம் கட்டிவிட்டு நிறுத்துகிறவர்கள் எல்லாம் அந்த இருபதாவது தவணைக்கு முன்பே வடிகட்டப்பட்டிருப்பார்கள். அந்த வடிகட்டலுக்கான விலையை வேறு யாரோ கொடுத்துவிட்டார்கள். இதை இலவசமாக வாங்கிக்கொள்வதுதான் செகண்டரி மார்க்கெட்டின் மொத்தப் பலன் என்பேன்.

ஆனால் வரலாற்றைப் படிக்கத் தெரிய வேண்டும், கடனின் நிலை என்ற இடத்தில் "நடப்பில்" என்று பச்சையாக இருந்தால் போதும் என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. நான் வாங்காமல் விட்ட ஒரு துண்டைச் சொல்கிறேன். 24 தவணைக் கடன், பத்து கட்டியாகிவிட்டது, மாதாமாதம் 5-ஆம் தேதி தவணை. முதல் ஆறு தவணையும் 4 அல்லது 5-ஆம் தேதியே வந்திருக்கின்றன. ஏழாவது 9-ஆம் தேதி வந்தது, எட்டாவது 16-ஆம் தேதி, ஒன்பதாவது 24-ஆம் தேதி, பத்தாவது அடுத்த மாதம் 2-ஆம் தேதி. பத்தாவது வந்து விழுந்த மறுநாள் அந்தத் துண்டு 1.5 சதவீதத் தள்ளுபடியில் விற்பனைக்கு வந்துவிட்டது. பணம் வந்ததும் நிலை பச்சைக்கு மாறிவிடும், அடுத்த தவணைத் தேதி வரும்வரை பச்சையாகவே இருக்கும், அந்த மூன்று நாள் இடைவெளியில் யார் தலையிலாவது கட்டிவிடலாம் என்பதுதான் விற்பவரின் எண்ணம். கணக்குப்படி அது நடப்பில் உள்ள கடன்தான், பொய் எதுவும் இல்லை. ஆனால் தேதிகள் சறுக்கிக்கொண்டே போவதைப் பார்த்தால் பதினொன்றாவது தவணை எங்கே போய் நிற்கும் என்று ஊகிக்கப் பெரிய புத்திசாலித்தனம் தேவையில்லை. இதற்கு 1.5 இல்லை, 15 சதவீதம் தந்தாலும் நான் யோசிப்பேன்.

அதனால் எந்தத் தளத்தையும் நான் முதலில் எடைபோடுவது ஒரே ஒரு விஷயத்தை வைத்துத்தான்: ஒவ்வொரு தவணையின் உரிய தேதியும் உண்மையில் பணம் வந்த தேதியும் அருகருகே தெரிகிறதா? தெரிந்தால் நல்ல சந்தை. "10 தவணை செலுத்தப்பட்டது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேதிகளை மறைக்கும் தளத்தில் விற்பவருக்கு எல்லாம் தெரியும், வாங்குபவருக்கு ஒன்றும் தெரியாது, அங்கே வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான். தவணை அட்டவணையை நடுவில் மாற்றி எழுதியிருக்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் கட்ட முடியாதவருக்குக் கால அவகாசம் கொடுத்து அட்டவணையை நீட்டியவுடன் பல தளங்களில் பழைய தாமதமெல்லாம் துடைக்கப்பட்டுப் புதுக் கடன் போலப் பளிச்சென்று நிற்கும். குறுகிய காலக் கடன்களில் இந்த நீட்டிப்பு இன்னும் சகஜம்.

பட்டியலை அதிகத் தள்ளுபடி முதலில் என்று வரிசைப்படுத்துவதுதான் எல்லோரும் செய்வது. மேலே வந்து நிற்பவை பெரும்பாலும் யாருமே தொடாத கடன்கள். நியாயமான தள்ளுபடியில் வரும் நல்ல துண்டுகள் பட்டியலில் ஏறிய சில நொடிகளில் காணாமல் போய்விடும், தானாக வாங்கும் கணினி நிரல்களை வைத்திருப்பவர்கள் அள்ளிக்கொண்டு போகிறார்கள். கையால் வாங்கும் நம்மைப் போன்றவர்களுக்கு மிஞ்சுவது நிரல்கள் பொருட்படுத்தாத சில்லறைத் துண்டுகளும், படித்துப் பார்த்தால்தான் நல்லது என்று தெரியும் துண்டுகளும்தான். இரண்டாவது வகையில்தான் நம் பிழைப்பு. நான் தள்ளுபடியை மறந்துவிட்டு, கட்டி முடித்த தவணைகளின் எண்ணிக்கையையும் மிச்சக் காலத்தையும் வைத்து வடிகட்டிப் பார்க்கிறேன், அதன்பிறகே விலையைப் பார்க்கிறேன். மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் நிம்மதியான வேலை.

ஒரு எச்சரிக்கை: தானியங்கி முதலீட்டு வசதியை முடுக்கும்போது "செகண்டரி மார்க்கெட்டிலிருந்தும் வாங்கு" என்ற பெட்டி முன்கூட்டியே டிக் செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். டிக் இருந்து, அதிகபட்ச விலை என்ற இடம் காலியாகவும் இருந்தால் அடுத்தவர் வைத்த பிரீமியத்தை எல்லாம் உங்கள் பணம் தானாகக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

இப்போது விற்கும் பக்கம் வருவோம். முதலில் கட்டணம். முன்பு பிரிட்டனின் ஃபண்டிங் சர்க்கிள் தளம் விற்பவரிடம் 0.25 சதவீதம் வாங்கியது, அமெரிக்காவின் லெண்டிங் கிளப் கடன்களைக் கைமாற்றிக்கொடுத்த ஃபோலியோ சந்தையில் 1 சதவீதம், லாட்வியாவைச் சேர்ந்த மின்டோஸ் தளம் வைத்தது 0.85 சதவீதம். கேட்க அற்பமாகத் தெரியும். 12 சதவீதக் கடனில் ஒரு மாத வட்டியே 1 சதவீதம்தான் என்பதை நினைத்துக்கொண்டு பாருங்கள். ஒரு மாதம் மிச்சம் உள்ள துண்டை 0.85 கட்டணம் கொடுத்து விற்றால் அந்த மாத வட்டி கிட்டத்தட்ட முழுக்கப் போனது போலத்தான், பேசாமல் காத்திருப்பதே மேல். இரண்டு வருடம் மிச்சம் உள்ள துண்டில் அதே கட்டணம் பெரிதாக உறுத்தாது. அதாவது கட்டணத்தைச் சதவீதமாகப் பார்க்காமல் எத்தனை வார வட்டி என்று பார்த்தால்தான் விற்பது லாபமா என்று தெரியும்.

அடுத்தது தவணை நாளுக்கு முன் சேர்ந்திருக்கும் வட்டி. சில தளங்கள் விற்கும் நாள்வரை சேர்ந்த வட்டியைக் கணக்கிட்டு விற்பவருக்குத் தருகின்றன. சிலவற்றில் தவணை வரும் நாளில் துண்டு யார் கையில் இருக்கிறதோ அவருக்கே முழு வட்டியும். இரண்டாவது வகைத் தளத்தில் தவணைக்கு இரண்டு நாள் முன்பு அசல் விலைக்கு விற்பது, சொல்லாமலேயே கிட்டத்தட்ட 1 சதவீதத் தள்ளுபடி கொடுத்தது போல ஆகிவிடும். வாங்குபவருக்கு அதுவே யோகம். இந்த ஒரு விதி தளத்தின் உதவிப் பக்கத்தில் எங்கேயோ ஒரு மூலையில் ஒற்றை வரியாக இருக்கும், விற்பதற்கு முன் அதைத் தேடிப் படித்துவிடுங்கள்.

ஒரு தளத்தில் எனக்கு வந்த எரிச்சலையும் சொல்ல வேண்டும். விற்பனைக்குப் போட்ட துண்டுக்கு ஒரு தவணை வந்து விழுந்தால் போதும், மீதி அசல் மாறிவிட்டது என்று சொல்லி அந்தத் தளம் துண்டைப் பட்டியலிலிருந்தே தூக்கிவிடும். மின்னஞ்சலும் கிடையாது, அறிவிப்பும் கிடையாது. மாதத் தொடக்கத்தில் நிறையக் கடன்களுக்குத் தவணை வரும் என்பதால் அப்போது உள்ளே போய்ப் பார்த்தால் போட்டதெல்லாம் காலி. ஒவ்வொன்றாகத் திரும்பவும் விலை வைத்து ஏற்ற வேண்டும், ஏற்றினால் வரிசையில் பழைய இடமும் கிடைக்காது. மீதி அசலுக்கு இத்தனை சதவீதம் என்று விலையை வைத்துக்கொண்டால் தவணை வந்ததும் விலையும் தானாகக் குறைந்துவிடும், இதைச் செய்யும் தளங்கள் இருக்கத்தான் செய்கின்றன. வாடிக்கையாளர் சேவைக்கு இதை விளக்கி எழுதினேன், வந்த பதில் உதவிப் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும் பத்தி. விற்கும் வசதி இருக்கிறது என்று பெரிய எழுத்தில் விளம்பரம் செய்கிறவர்கள் அந்த வசதியை ஒரு முறையாவது பயன்படுத்திப் பார்த்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

இதெல்லாம் சமாளிக்கக்கூடிய தொல்லைகள். பெரிய விஷயம் வேறு. செகண்டரி மார்க்கெட்டில் நீங்கள் விற்க முடிவது இன்னொரு முதலீட்டாளர் வாங்க வந்தால்தான். தளம் வாங்கிக்கொள்ளாது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பயம் வந்தால் விற்பவர்கள் மட்டுமே இருப்பார்கள். ஃபண்டிங் சர்க்கிளில் நடந்ததைப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். 2010-இல் லண்டனில் தொடங்கிய அந்தத் தளத்தில் முதலில் முதலீட்டாளர்களே துண்டுகளைத் தேர்ந்தெடுத்து, 3 சதவீதம்வரை மேலேயோ கீழேயோ விலை வைத்து விற்கலாம். 2017-இல் அதை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் தானியங்கியாக்கினார்கள், விற்பவருக்கு விலை வைக்கும் உரிமை போய்விட்டது, வரிசையில் நின்று முறை வரும்போது அசல் விலைக்கு விற்கும். சுலபமாகத்தான் இருந்தது. 2019-இல் விற்பவர் கூட்டம் கூடியதும் அந்த வரிசை நீண்டு, பணம் கைக்கு வர 100 நாட்களுக்கு மேல் ஆனது. 2020 ஏப்ரலில் கொரோனா நேரத்தில் அந்தச் சந்தையையே நிறுத்தி வைத்தார்கள். 2022-இல் சில்லறை முதலீட்டாளர்களுக்கான தளத்தை நிரந்தரமாகவே மூடிவிட்டார்கள்.

அதே 2020-இல் விலையைத் தாங்களே வைக்க விட்ட சந்தைகளில் வேறு மாதிரி நடந்தது. மின்டோஸில் அந்த மார்ச், ஏப்ரல் மாதங்களில் தள்ளுபடி இரட்டை இலக்கத்துக்குப் போனது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடன்களைக்கூட அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டுப் போனவர்கள் ஏராளம். அந்த விலையில் விற்றவருக்கு வயிறு எரிந்திருக்கும், ஆனால் பணம் வேண்டியவருக்குப் பணம் கிடைத்தது. விலையைப் பூட்டிவைத்த சந்தையில் எந்த விலைக்கும் வெளியே வர முடியாது. இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் யோசிக்காமல் விலை வைக்க விடும் சந்தையைத்தான் எடுப்பேன். தள்ளுபடி கொடுக்க விடாத தளம் உங்கள் பணத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்லும், உண்மையில் நிலைமை மோசமாகும் நாளில் உங்களை உள்ளே வைத்துப் பூட்டுகிறது. விற்கும் வசதி என்று ஒரு தளம் சொன்னால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, விலையை நான் குறைக்க முடியுமா என்பதுதான்.

சந்தையே மறைந்துபோன கதைகளும் உண்டு. 2005-இல் தொடங்கிய, உலகின் முதல் பி2பி தளம் என்று சொல்லப்படும் ஸோபா 2021-இல் பி2பி கடனை விட்டுவிட்டு வங்கித் தொழிலோடு நின்றுவிட்டது. பிரிட்டனின் இன்னொரு பி2பி தளமான ரேட்செட்டரை மெட்ரோ பேங்க் என்ற வங்கி வாங்கியது. அமெரிக்காவில் ப்ராஸ்பர் தளம் 2016-இலேயே ஃபோலியோ வழியாக விற்பதை நிறுத்தியது, லெண்டிங் கிளப் 2020-இல் நிறுத்தியது, அந்த ஆண்டின் முடிவில் சில்லறை முதலீட்டாளர்களுக்கான நோட்டுகளையே (கடன் துண்டுகளுக்கு அங்கே பெயர் அது) நிறுத்திவிட்டது. பிரிட்டனில் லெண்டி 2019 மே மாதத்தில் திவாலாகி நிர்வாகியின் கைக்குப் போனது. அது சொத்து அடமானத்தின் பேரில் கட்டுமானக்காரர்களுக்கும் கடன் கொடுத்த தளம், அசல் கடைசியில் மொத்தமாக வரும் வகை, முதிர்வு நெருங்க நெருங்க அந்தத் துண்டுகளைத் தொட ஆள் இருக்காது. இந்த ரகக் கடனில் இறங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: விற்பதானால் முதிர்வுக்குப் பல மாதம் முன்பே விற்றுவிடுங்கள், கடைசி சில மாதத்தில் இருப்பதை வாங்காதீர்கள். தவணை முறைக் கடனில் மிச்சக் காலம் குறைவு என்பது நல்ல அறிகுறி, இங்கே அது நேர்மாறு, ஏனென்றால் முழு அசலும் அந்த ஒரே நாளில் வர வேண்டும்.

இந்தியாவில் செகண்டரி மார்க்கெட்டில் விற்று வெளியேறும் வழி நடைமுறையில் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். பி2பி தளங்கள் கடன் கொடுப்பதை உறுதியான வருமானமும் நினைத்தபோது பணம் எடுக்கும் வசதியும் உள்ள முதலீட்டுத் திட்டம் போல விளம்பரப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2024 ஆகஸ்டில் கறாராகச் சொல்லிவிட்டது. நாளையே பணம் எடுக்கலாம் என்று விற்கப்பட்ட திட்டங்கள் அதோடு அடங்கின. சிலர் இதைக் குறை சொல்கிறார்கள், எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது. மூன்று வருடக் கடனைக் கொடுத்துவிட்டுச் சேமிப்புக் கணக்கு போல அதைக் காட்டுவது எந்த ஊரிலும் நியாயம் இல்லை. தவணை வரலாற்றோடு துண்டுகளை வெளிப்படையாகக் கைமாற்றிக்கொள்ள ஒரு முறையான ஏற்பாடு எதிர்காலத்தில் வந்தால் அது வேறு விஷயம், வரவேற்பேன்.

கடன் கொடுத்த நிறுவனங்களின் கடன்களைத் துண்டு போட்டு விற்கும் மின்டோஸ் போன்ற சந்தைகளில் இன்னொரு அடுக்கு இருக்கிறது. அங்கே கடன் வாங்கியவரைவிட அந்தக் கடனைக் கொடுத்த நிறுவனம்தான் உங்கள் கவலை. தவணை 60 நாள் தாமதமானால் நிறுவனம் திருப்பி வாங்கிக்கொள்ளும் என்ற பைபேக் உத்தரவாதம் அந்த நிறுவனம் உயிரோடு இருக்கும்வரைதான். போலந்தின் யூரோசென்ட் 2017-இல் விழுந்தது, அஃபோர்ட்டி 2019-இல் நிறுத்திவைக்கப்பட்டது. இப்படி ஒரு நிறுவனத்தை நிறுத்திவைக்கும்போது அதன் கடன்களைச் செகண்டரி மார்க்கெட்டில் விற்பதும் நின்றுவிடும். அதாவது எந்த நாளில் விற்க ஆசைப்படுவீர்களோ அந்த நாளில் விற்கும் பொத்தான் இருக்காது. இதனால் ஒரு நிறுவனத்தின் துண்டுகள் திடீரென்று மொத்தமாக 3, 4 சதவீதத் தள்ளுபடியில் வந்து குவிந்தால் நான் மலிவு என்று பாய்வதில்லை. தனித்தனிக் கடன்களின் தரம் ஒரே இரவில் கெட்டுப்போகாது, யாருக்கோ அந்த நிறுவனத்தைப் பற்றி ஏதோ தெரிந்திருக்கிறது. முதலில் அந்த நிறுவனத்தின் கணக்கறிக்கை எப்போது வரவேண்டியது, வந்ததா என்று பார்ப்பேன். 2022-இலிருந்து மின்டோஸ் தனித்தனித் துண்டுக்குப் பதிலாகப் பல கடன்களைச் சேர்த்துக் கட்டிய நோட்டுகளை விற்கிறது. ஒவ்வொரு கட்டுக்கும் ஐ.எஸ்.ஐ.என் என்ற, பத்திரங்களை அடையாளம் காட்டும் சர்வதேச எண் ஒன்று உண்டு, அது ஒழுங்குமுறைக்குள் வரும் நிதிப் பத்திரம், அந்த வகையில் முன்னேற்றம்தான். ஆனால் கட்டுக்குள் பல கடன்கள் இருக்கும்போது நான் மேலே சொன்ன மாதிரி ஒவ்வொரு தவணைத் தேதியையும் உற்றுப் பார்த்து வாங்குவது பெரும்பாடாகிவிட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

வாராக்கடன் துண்டுகளைப் பாதி விலைக்கும் அதற்குக் கீழும் வாங்கிச் சம்பாதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நாட்டின் வசூல் நடைமுறை, நீதிமன்றம் எடுக்கும் காலம், வசூலிப்பவருக்குப் போகும் பங்கு எல்லாம் தெரிந்தவர்களுக்கான வேலை அது. தெரியாதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

எவ்வளவு பணம் போடலாம் என்று கேட்டால், கடன்கள் முழுசாக முடியும்வரை திரும்பி வராவிட்டாலும் தூக்கம் கெடாத அளவு மட்டும். பிரிட்டனில் 2019 டிசம்பரிலிருந்து புதிய சில்லறை முதலீட்டாளர்கள் தங்கள் முதலீட்டுச் சொத்தில் 10 சதவீதத்துக்கு மேல் பி2பியில் போடக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள், வேறெங்கும் இருப்பவர்களுக்கும் அது நல்ல அளவுகோல். சீக்கிரம் பணம் திரும்ப வேண்டும் என்றால் விற்பதை நம்பாமல், வாங்கும்போதே நாலைந்து மாதம் மட்டும் மிச்சம் உள்ள தவணை முறைத் துண்டுகளைப் பொறுக்கி வாங்குங்கள். மாதாமாதம் அசல் தானாகத் திரும்பி வரும், யாரும் வந்து வாங்க வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. நான் இப்போது செய்வது பெரும்பாலும் இதுதான்.

அப்புறம் வரி. தள்ளுபடியில் வாங்கியதால் வந்த லாபம், கொடுத்த பிரீமியம், விற்றதில் நஷ்டம், வட்டி, இவை நான்கையும் பல நாடுகளில் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. பெரும்பாலான தளங்களின் ஆண்டு அறிக்கை வட்டியை மட்டும் தெளிவாகக் காட்டிவிட்டு மற்றதை ஒரே வரியில் போட்டுக் கலக்கிவிடும். அதனால் மாதம் ஒரு முறை முழுப் பரிவர்த்தனைப் பட்டியலையும் இறக்கி உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு துண்டையும் வாங்கிய விலையோடு. தளம் மூடுகிறது என்ற அறிவிப்பு வந்தால் விற்கப் பார்ப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். மூடிய பிறகும் தவணைகள் வருடக்கணக்கில் சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருக்கும், அப்போது எது அசல், எது லாபம் என்று பிரித்துச் சொல்ல உங்களிடம் இருக்கும் அந்தப் பட்டியலைத் தவிர வேறு எதுவும் கைகொடுக்காது.